ஆறு பத்துக்குக் கண் திறந்த ஹெல்மெட்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை எடுத்தார்.

"சார்... போர் விமான ஃபேக்டரி. ஹேங்கர்ல ஒரு பொணம்."

"அது எங்கயும் ஓடாது. வர்றேன்."

ஹேங்கர் நடுவில் புது விமானம். அதன் மூக்குக்குக் கீழே குப்புறக் கிடந்தார், பைலட் ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் என்ஜினியர். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஹெல்மெட்.

மேனேஜர் ஓடி வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. அதில் ஒரு கொக்கி மட்டும் காலியாக ஆடியது. யாரும் கவனிக்கவில்லை.

"பைலட்தான் சார் பண்ணியிருக்கார். நேத்து ரெண்டு பேருக்கும் கைகலப்பு ஆகாத குறை."

"நீங்க பார்த்தீங்களா?"

"இந்த ஹெல்மெட் பார்த்திருக்கு. வெளியில இருக்கற கேமரா பார்க்கறதெல்லாம் இதோட கண்ணாடியில தெரியும். பைலட் குனிஞ்சா, காலுக்குக் கீழ விமானமே இல்லாத மாதிரி தரை தெரியும். இது அவர் கண்ணை அடையாளம் பார்த்துத்தான் திறக்கும். காலையில ஆறு பத்துக்குத் திறந்திருக்கு. மெஷின் பொய் சொல்லாது சார்."

மெஷின் சொல்லாதுதான். அதைக் காட்டிப் பேசுகிறவன் சொல்வான். இன்ஸ்பெக்டர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அலுப்பு.

பைலட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"ஆறு பத்துக்கு இங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். அவர்தான் வரச் சொன்னார். ஹெல்மெட்ல படம் ஒரு இமைப்பு லேட்டா வருது சார். நேத்து நம்பல. இன்னைக்கு அளந்து பார்த்தார். 'நீ சொன்னது சரிப்பா, பறக்கலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னார். ஆறரைக்கு நான் கேன்டீன் போயிட்டேன்."

"சாட்சி?"

பைலட் பிணத்தைக் காட்டினார்.

"நல்ல சாட்சி."

"என்னை ஜெயில்ல போடுங்க சார். ஆனா பதினோரு மணிக்கு விமானத்தை வாங்கறவங்க பறக்கறதைப் பார்க்க வர்றாங்க. எனக்குப் பதிலா ஓட்டப் போறது என் தங்கச்சி புருஷன். அவன் ஹெல்மெட்லயும் இதே கோளாறு. தரைக்குள்ள போனப்புறம்தான் தரையைப் பார்ப்பான்."

இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம் திரும்பினார். "என்ஜினியர் செத்துட்டாரே. யார் கையெழுத்துப் போடுவா?"

"அவர் இல்லாத அன்னைக்கு நான் போடலாம் சார். ரூல் இருக்கு. நீங்க பொணத்தை எடுத்துட்டா, பத்தரைக்குள்ள தரையைக் கழுவிடுவோம்."

'நல்ல மனுஷன்' என்று நினைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு மூச்சு வாங்க வந்தார். "குப்பைத்தொட்டி, சாக்கடை எல்லாம் தேடிட்டோம். அடிச்ச ஆயுதம் இல்ல சார்."

மூலையில் டூல் ரூம். அதன் பொறுப்பாளரை எல்லாருமே அக்கா என்பார்கள். கதவில் பூட்டு இல்லை.

"பூட்ட மாட்டீங்களாம்மா?"

"டோக்கன்தான் சார் பூட்டு. ஒவ்வொரு சாமானுக்கும் டிராயர்ல அதே வடிவத்துல பள்ளம் இருக்கு. எடுக்கறவங்க தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பள்ளத்துல போட்டுட்டு எடுக்கணும். திருப்பி வைக்கறப்ப டோக்கனை எடுத்துக்கணும். ஒரு ஸ்பேனர் குறைஞ்சாலும் விமானம் நகராது. உள்ள மாட்டியிருந்தா என்ன ஆகறது?"

"இன்னைக்கு ஏதாவது குறையுதா?"

"ஒரு பள்ளம்கூடக் காலி இல்ல."

"வெளிய வீசியிருப்பான் சார்," என்றார் மேனேஜர். "கூட்டிட்டுப் போங்க. எனக்குத் தலைக்கு மேல வேலை."

ஏட்டு விலங்கை எடுத்தார். பைலட் கைகளை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அக்கா. "காலை டெஸ்ட் பாக்கி."

"இப்பவா?" மேனேஜர் சீறினார்.

"தினமும் இப்பதான். மறந்துட்டீங்களா?"

சரியான இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சத்தம் கொடுக்கும் ரெஞ்ச்சுகள். ஒவ்வொன்றாக மாட்டித் திருகினாள்.

க்ளிக். க்ளிக்.

பெரிய ரெஞ்ச்...

சத்தமே இல்லை.

"நேத்து காலை டெஸ்ட்ல நல்லா இருந்துச்சு. ஓங்கி எதையாவது அடிச்சாதான் இப்படிக் கெடும்."

டிராயரைப் பார்த்தாள். ரெஞ்ச் இருந்த பள்ளத்தின் அடியில் ஒரு பித்தளை வட்டம்.

"டோக்கனை எடுக்காம அதுமேலயே வெச்சிருக்கான் சார்."

"நம்பர்?"

அக்கா வட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஏழு. கம்பெனி ஆரம்பிச்சப்ப ஃபிட்டரா சேர்ந்தவர். இப்ப டை கட்டியிருக்கார். பழசை மறக்கக் கூடாதுன்னு சாவிக்கொத்துல மாட்டி வெச்சிருந்தார்."

மேனேஜரின் கை இடுப்புக்குப் போனது. காலிக் கொக்கியைத் தடவியது...

"பைலட்டுக்கு வேண்டியது விமானம் நிக்கறது," என்றார் இன்ஸ்பெக்டர். "அவன் அடிச்சிருந்தா ரெஞ்ச்சை வீசியிருப்பான். திருப்பி வைக்கற அவசரம் உனக்குத்தான்யா."

மேனேஜர் ஸ்டூலில் சரிந்தார். "கையெழுத்துப் போடுன்னு கெஞ்சினேன் சார். திரும்பி நின்னுக்கிட்டான். நேரா இங்க வந்தேன்... முப்பது வருஷப் பழக்கம். கையே டோக்கனைப் போட்டுடுச்சு. அடிச்சுட்டு, துடைச்சுத் திருப்பி வெச்சப்பவும் எனக்குத் தெரியவே இல்ல."

அக்கா ரெஞ்ச்சில் சிவப்புச் சீட்டுக் கட்டினாள். "இது இறுக்கின நட்டையெல்லாம் மறுபடி சரிபார்க்கணும். பதினஞ்சு நாளைக்கு விமானம் பறக்காது."

பைலட் நீட்டிய கைகளை மெதுவாக மடக்கி, முகத்தை மூடிக்கொண்டார்.

விலங்கு மேனேஜர் கைக்குப் போனது. இன்ஸ்பெக்டர் ரெஞ்ச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தார். அக்கா குறுக்கே நின்றாள்.

"டோக்கன்?"

"கேஸ் சாமான்மா இது."

"பள்ளம் காலியா இருக்கு சார்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றிப் பள்ளத்தில் போட்டார்.

"ஏட்டு, சீக்கிரம் கிளம்புய்யா. இந்த ஆளும் கம்பெனி சாமான்தான்னு இன்னொரு டோக்கன் கேட்கப் போறாங்க."