துணைச் சங்கு

சளாரென்று தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தான் லாசர். வாயிலிருந்த காற்றுக் குழாயைத் துப்பினான்.

"மச்சான்! வலம்புரி! கெடைச்சிட்டு!"

தொம்மை துள்ளிய துள்ளலில் வல்லமே ஒரு பக்கம் சாய்ந்தது. "மெதுவாச் சொல்லு மாப்ளே! எவனாவது வந்திரப்போறான்!"

கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு பாய்மரம் கூட இல்லை. பேய்ப்பார் என்ற அந்தக் கடலடிப் பாறைத்திட்டுக்கு யார் வருவார்கள்? ஆளை இழுத்துப் பாறையில் மோதும் நீரோட்டம் அங்கே. தூத்துக்குடிச் சங்கு குளிப்பவர்கள் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே போகும் வழி தெரிந்தவன் கீழக்கரைச் சீனி முகமது ஒருவன்தான். வழிகாட்ட மட்டும் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். கடலுக்குள் இறங்கும்போது இடுப்பில் கட்டிய உயிர்க்கயிற்றை அவன் கையில் கொடுக்க லாசர் மறுத்துவிட்டான். "வெளியாள நம்பி முங்க மாட்டேன். எம் பொண்டாட்டியோட அண்ணன் புடிக்கட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். சீனி எழுந்துபோய் எஞ்சின் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

லாசர் தொற்றி ஏறி, பனியனுக்குள் கைவிட்டு எடுத்தான். பால் நிறத்தில், வலப்புறமாகச் சுழித்த சங்கு! தொம்மை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"துணை எடுத்தியால?"

"எடுக்காம இருப்பனா?"

லாசரின் கூட்டத்தில் அது மீறக்கூடாத வழக்கம். வலம்புரியைப் பையில் போட்டுக் கயிற்றில் அனுப்பக்கூடாது. மார்போடு அணைத்துத்தான் கொண்டுவர வேண்டும். தனியாகவும் கொண்டுவரக்கூடாது. துணைக்கு இன்னொரு சங்கு கூடவே வர வேண்டும். சாதாரணச் சங்குகளையெல்லாம் பையில் மேலே அனுப்பிவிட்ட பிறகுதான் வலம்புரி கண்ணில் பட்டது. அவசரத்தில் பக்கத்து மணலில் கிடந்ததை எடுத்துப் பனியனுக்குள் போட்டுக்கொண்டான். வலை பின்னியதுபோல் கோடு போட்ட, கூம்பான அழகான சங்கு.

"ஆ!"

வயிற்றில் முள் குத்தியது போலிருந்தது. பனியனை உதறினான். கூம்புச் சங்கு பலகையில் விழுந்து உருண்டது.

எஞ்சின் பக்கமிருந்து சீனி பாய்ந்து வந்தான். "யா அல்லா! இதையா மடியில வச்சிருந்தே? குத்திருச்சா? எங்க குத்துச்சு?"

"அட, ஒண்ணுமில்ல பாய்... சின்ன முள்ளு..."

சொல்லும்போதே உதடு மரத்தது. நாக்கு தடித்தது. தொம்மை இரண்டு தொம்மையாகத் தெரிந்தான். இமைகள் தாமாகவே இறங்கின. தூக்கப் பார்த்தான், முடியவில்லை. கழுத்து தொங்கியது. கையும் காலும் அவனுடையவை அல்ல என்பதுபோல் கிடந்தன. மூச்சு பாதியில் நின்றது. அடுத்ததை இழுக்க நெஞ்சு மறந்துவிட்டது.

ஆனால் புத்தி? அது மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது! அலை பலகையில் அறைவது கேட்டது. தொம்மை அழுவது கேட்டது. அந்த அழுகை சட்டென்று நின்றதும் கேட்டது.

"முடிஞ்சிட்டு பாய். மூச்சில்ல." தொம்மையின் குரல் தாழ்ந்தது. "இப்பக் கரைக்குப் போனா போலீஸு, விசாரணைன்னு சங்கப் புடுங்கிருவானுவ. இருட்டட்டும். எந் தங்கச்சி பிலோமி கிட்ட சங்கு கெடைச்சதையே சொல்லண்டாம். ஒனக்கும் எனக்கும் சரி பாதி."

மச்சான்! நான் சாகலை மச்சான்! லாசர் கத்தினான். ஒரு நரம்புகூட அசையவில்லை.

கழுத்தில் ஈரமான விரல்கள் அழுந்தின. "நாடி ஓடுது! எஞ்சின எடு!" என்று சீனி கத்தினான். "எங்கூடப் பொறந்த காக்காவும் இப்படித்தான் கெடந்தாரு. மூச்சு நின்னதும் துணியப் போட்டு மூடிட்டோம். வாயில ஊதிவிட்டுருந்தா பொழச்சிருப்பார்னு பொறவுதான் டாக்டர் சொன்னாரு. எடுய்யா!"

"செத்தவனுக்கு ஊதப்போறியே, பைத்தியமா ஒனக்கு? நான் எடுக்க மாட்டேன்."

பலகையில் காலடி தடதடத்தது. பிறகு தொம்மை அலறினான். "ஏல! சங்க வையி! கீழ வையி!"

"எடுக்கியா, கடல்ல விடவா?"

எஞ்சின் உறுமியது!

சீனியின் உதடுகள் லாசரின் வாயை மூடின. பீடியும் உப்பும் கலந்த காற்று நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு கை அவன் மூக்கைப் பிடித்திருந்தது. மறுகை சங்கோடு கடலுக்கு மேலே நீட்டியபடியே இருந்திருக்க வேண்டும். வேகம் குறைந்தபோதெல்லாம், "விட்டுருவேன்!" என்று ஒரு சத்தம், உடனே எஞ்சின் மறுபடியும் அலறும். அலையில் வல்லம் தூக்கிப் போட்டது. சீனிக்கு மூச்சு வாங்கியது, இருமினான், மறுபடி ஊதினான். உயிர்க்கயிற்றைக்கூடத் தான் நம்பிக் கொடுக்காத அந்த மனிதனின் மூச்சில்தான் லாசர் கரைவரை பிழைத்துக் கிடந்தான். அழ நினைத்தான். கண்ணீருக்குக்கூட வழியில்லை.

துறை வந்தது. சீனி சங்கைப் பலகையில் வைத்துவிட்டு அவனை அள்ளித் தோளில் போட்டான்.

"நீ ஆசுபத்திரிக்கு ஓடு பாய், நான் வல்லத்தக் கட்டிட்டு வாரேன்" என்றான் தொம்மை.

பின்னால் ஐஸ் பெட்டியின் மூடி திறந்து, மெதுவாக மூடும் சத்தம் லாசருக்குக் கேட்டது.

வழியெல்லாம் இறக்கி இறக்கி ஊதியே சீனி அவனை ஆசுபத்திரியில் சேர்த்தான். இரண்டு நாள் இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. "இந்தக் கூம்புச் சங்கு விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. அது தானா இறங்குற வரைக்கும் யாராவது மூச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். கொடுத்திருக்காங்க" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் இமை அசைந்தது. பிறகு விரல். பிறகு குரல்.

கண் விழித்ததும் பிலோமிதான் தெரிந்தாள். பக்கத்தில் தொம்மை. அவன் கழுத்தில் வாடாத ரோஜா மாலை.

"காலையில ஊர்க்காரவுக துறையில வச்சுப் போட்டாவ" என்று பிலோமி பெருமையோடு சொன்னாள். "எங்க அண்ணன் மட்டும் வல்லத்த அப்படி ஓட்டலேன்னா நான் தாலியறுத்திருப்பேன். அந்தச் சீனிப்பய சங்கத் தூக்கிட்டுப் போயிட்டானாம். சாகக் கெடக்குறவன் கிட்டத் திருடுனா வெளங்குவானா? அண்ணன் சொன்ன பேச்சக் கேட்டுப் போலீஸு அவனப் புடிச்சு வச்சிருக்கு."

தொம்மை குனிந்து லாசரின் நெற்றியைத் தடவினான். "போனது போட்டும் மாப்ளே. உசிரு கெடைச்சிட்டு, அது போதும். நீதான் செத்த கட்டையாக் கெடந்த, ஒனக்கு எங்க தெரியப்போவுது நான் பட்ட பாடு?"

லாசர் நெற்றியிலிருந்த அந்தக் கையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தான்.

"கண்ணுதான் மூடிக் கெடந்துச்சு மச்சான். காது கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."