காயாத களிமண்

கத்திரி வெயில் ராயபுரத்துத் தார் ரோட்டையே இளக்கிக்கொண்டிருந்த மே மாதத்தில், தாமோதரன் வீட்டு வராந்தாவில் கிடந்த மண் மட்டும் காயவில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில் புதுப் பாலத்துக்காகத் துளை போட்டபோது, இரும்புக் குழாய்க்குள் உருளை உருளையாக ஏறிவந்த மண் அது. அதை நீளப் பலகைப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மேலே மணல், அதன் கீழே செம்மண், எல்லாவற்றுக்கும் அடியில் சிப்பி பதிந்த கறுப்புக் களிமண். மனிதன் பிறப்பதற்கு முன்பே அங்கே கிடந்த ஒரு கடலின் தரை என்று, பூகர்ப்ப ஆராய்ச்சியில் ஊறிய அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனாலும் அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. களிமண்ணா வண்டலா என்று சந்தேகம் வந்தால், ஒரு கிள்ளு எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண். துளை போட்ட இடத்திலேயே அவனும் கடித்தான்.

"இன்னா சார், வூட்டுல சோறு போடலியா? சேத்தப் போய்த் துன்னுகினு கீறீங்க!" துளை போடும் ஜெயவேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஐந்து வயது மங்கைக்கும் அதைச் செய்து காட்டினான் அந்தப் புத்திசாலி அப்பன். மகள் கைகொட்டிச் சிரித்தாள் என்பதற்காக இன்னொரு முறையும் காட்டினான். மனைவி நீலா தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் அவன் அந்த ஈரத்தைக் கவனித்தான். துறைமுகத்து நிலக்கரிப் புகை, காசிமேட்டுக் கருவாடு, பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் தாண்டி, பெட்டியிலிருந்து ஒரு குளிர்ந்த பச்சை வாடை வந்துகொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்து பார்த்தான். களிமண்ணைச் சுற்றி நீர் கசிந்து மெல்ல ஏறியது, விளிம்பு வரை வந்து நின்றது, பிறகு வந்த வழியே இறங்கிப் போனது. ஓதம், கடலின் ஏற்றவற்றம். கடற்கரைக்கு ஓடினான். அங்கே தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டே இருக்க, படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. திரும்பி வந்தால் பெட்டியில் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அப்படியானால் அது வேறு கடல்.

மண்ணைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவது என்று முடிவு செய்து, வண்டியோடு வரச்சொல்லி ஜெயவேலுக்கு ஆளனுப்பினான்.

"குழந்தை நேத்துலேருந்து சோறே தொடலைங்க," என்றாள் நீலா, அடுப்படி வாசலில் நின்று. "உப்புத் தண்ணி குடு, உப்புத் தண்ணி குடுன்னு ஒரே பிடிவாதம்."

அவன் பெட்டியைப் பார்த்தான். மணல் இருந்தது. செம்மண் இருந்தது. களிமண் இருந்த இடத்தில் பாதி காலி. மிச்சத்தில் சின்னச் சின்ன விரல் தோண்டிய தடங்கள்.

மங்கை உள்ளே ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

"வாயைத் திற, கண்ணு."

அவள் தலையாட்டினாள். உதடுகள் இறுகின.

"அப்பா சொல்றேன்ல? திறடா தங்கம்."

வாசலில் மாட்டு மணி. "சார், வண்டி வந்துகீது! பொட்டிய எடுக்கலாமா?"

அவன் பல்லிடுக்கில் ஏதோ நறநறத்தது. களிமண் நறநறக்காது. அது அவனுக்குத் தெரியும்.

மங்கை வாயைத் திறந்தாள்.

பச்சை வாடை. தொண்டையின் ஆழத்தில் அலைச் சத்தம். கறுத்த நீர் மெல்ல ஏறியது. நாக்கை மூடியது. உதட்டு விளிம்பில், ஒரு சொட்டும் சிந்தாமல், நின்றது.

போன வாரம் விழுந்த பால்பல்லின் குழியில் ஒரு சிப்பி. நீர் பட்டதும் அது திறந்துகொண்டது.