விற்பனைக்கு இல்லாத ஒரு ஸ்பூன்

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என்ன விலை? சுகாதார நிலையத்தில் சும்மாவே தருகிறார்கள். அதனாலேயே பாத்திரக் கடைக்காரருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

“காசு கேக்காத சரக்குல என்ன இருக்கப்போகுது?” என்றார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே அவருடைய ஒரு வயது மகன் சிணுங்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அழுதால் கண்ணீர்கூட வரவில்லை.

பாக்கெட்டைக் கொடுத்த நர்ஸ் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க. குடிக்க மாட்டேன்னாலோ, சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க.”

கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் அம்மா பாக்கெட் முழுவதையும் கரைத்தாள். அப்பா குறுக்கே வந்தார்.

“மேல ஊத்த ஊத்த கீழ போயிட்டே இருக்கு. ஓட்டைக் குடத்துல யாராவது தண்ணி ஊத்துவாங்களா? நிறுத்து!”

அவருடைய பத்து வயது மகளுக்கு வீட்டில் ‘பேரம்’ என்று பட்டப்பெயர். தூங்கப் போவதற்கே பேரம் பேசுவாள்.

“அப்பா, கடையில டம்ளர் எல்லாம் மளமளன்னு வித்துப் போனா, கொள்முதலை நிறுத்திடுவீங்களா?”

“எவனாவது நிறுத்துவானா? இன்னும் ரெண்டு மூட்டை இறக்குவேன். இல்லேன்னா கடை காலி!”

“தம்பியும் இப்போ காலியாயிட்டு இருக்கான்ப்பா.”

அப்பா கரைசல் பாத்திரத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். ஒதுங்கி நின்றார்.

ஆனால் தம்பி உதட்டை இறுக மூடிக்கொண்டான். அம்மா கொஞ்சினாள். அப்பா குரங்கு மாதிரி குதித்தார். ம்ஹூம்!

வாங்காமல் நகரும் வாடிக்கையாளரிடம் அப்பா என்ன சொல்வார் என்று பேரம் யோசித்தாள். கடையிலிருந்து பளபளக்கும் குட்டி ஸ்பூன் ஒன்றை எடுத்தாள். அதையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவினாள். கரைசலை அள்ளி, தம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“இது வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வெச்சது. உனக்குக் கிடையாது.”

ஒரு குட்டிக் கை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது.

“சரி, உன் முகத்துக்காக ஒரே ஒரு ஸ்பூன். வெளியில சொல்லிடாதே.”

வாய் திறந்தது. ஒரு ஸ்பூன் உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று.

“அடி கள்ளி, அது என் வித்தை!” என்றார் அப்பா.

வெயில் சாயத் தொடங்குவதற்குள் ஸ்பூன் ஸ்பூனாக இரண்டு டம்ளர் கரைசல் உள்ளே போயிருந்தது. ஒண்ணுக்கு மட்டும் வரவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அப்பா புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு மகனைத் தூக்கினார்.

சட்டை சட்டென்று நனைந்தது.

“போயிட்டான்! ஒண்ணுக்குப் போயிட்டான்!” தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் அப்பா.

“வரவு ரெண்டு டம்ளர், செலவு ஒரு சட்டை,” என்றாள் பேரம்.

“அந்த ஸ்பூன் காசு?”

“அது பாக்கிப்பா. கொள்முதல் இன்னும் முடியலையே!” என்றபடி அடுத்த ஸ்பூனை அள்ளினாள்.