குவாரி லைன் கேட்

வல்லம் வடகாலில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், கருவேலங்காட்டுக்குள் ஒரு மண்மேடு நீளமாகப் போகிறது. ஒரு காலத்தில் கல்குவாரியிலிருந்து வாலாஜாபாத் பக்கம் சரக்கு வண்டி ஓடிய பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் பல வருஷமாகிறது. சல்லியும், மக்கிய கட்டைகளும், பாலமென்று பேருக்குச் சில கல்தூண்களும்தான் மிச்சம். 2012 கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேச்சிராஜ் அங்கே வந்து நின்றான்.

இப்படி வெயிலில் அலைகிற ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. அது இசக்கியின் பைத்தியம். இருவரும் திசையன்விளைப் பக்கமிருந்து ஒன்றாக வந்து, ஒரே ரூமில் தங்கி, ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். லீவு நாளில் ஊரே குப்புறப் படுத்துத் தூங்கும்போது, இந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க இசக்கி கிளம்பிவிடுவான். போன ஞாயிறு கிளம்பியவன் திரும்பவில்லை. சூப்பர்வைசர் 'ஓடிட்டான்' என்று பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டார். அவன் அம்மா கோமதியம்மாள்தான் தினமும் போன் போட்டு அழுதாள். "எம்புள்ளைய எப்படியாவது அனுப்பி வச்சிருய்யா" என்றாள். பேச்சிராஜ் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தான்.

மேடு தொடங்கும் இடத்தில் கிளியம்மாளின் டீக்கடை.

"இன்னா தம்பி, நீயும் அந்தாண்டதான் போறியா?" என்றாள் அவள். "உன் கூட்டாளி போனத பாத்தேன். திரும்பி வர்றத பாக்கல. கடைய மூடுற வரிக்கும் பாத்துகினுதான் இருந்தேன்."

"அங்க என்னக்கா இருக்கு?"

"இன்னா கீது, ஒரு பாழடஞ்ச ரயில்வே கேட்டு கீது. எங்காளுங்க அந்தப் பக்கம் மாடுகூட ஓட்ட மாட்டாங்கோ." பாலை ஆற்றப் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் வரை தொழிற்சாலைகளின் இரைச்சல் கூடவே வந்தது. காம்பவுண்டுச் சுவர், பிளாட் போட்ட வயல், மறுபடி சுவர். பிறகு இரைச்சல் தேய்ந்தது. குருவிச் சத்தமும் நின்றது. சல்லியில் அவன் செருப்பு உரசுவதுதான் கேட்டது. எங்கிருந்தோ கரிப்புகை வாசனை வந்தது. இத்தனை கூட்டமான ஊரில் இப்படியொரு ஆளில்லாத இடமா என்று அவனுக்குப் பயமாகவே இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தான்.

வெயில் சாயும்போது கேட் தெரிந்தது. கூரையில்லாத ஒரு அறை, எதிரே, மேட்டைக் கடக்கும் வண்டித்தடத்தில் திறந்து கிடந்த ஒரு இரும்புக் கதவு.

கதவின் கீலில் எண்ணெய் ஈரமாக மினுங்கியது.

அறை வாசலில் கம்பெனி யூனிபார்மோடு இசக்கி உட்கார்ந்திருந்தான்.

"ஏல, எழுந்திரில! உங்க அம்ம அழுது சாவுதா." பேச்சிராஜ் அவனிடம் ஓடினான்.

இசக்கி எழுந்திருக்கவில்லை. "ஆள் மாத்தாம எப்படில வர?" என்று முணுமுணுத்தான். "இங்க ஒரு பெரியவர் இருந்தாரு. 'தம்பி, கொஞ்சம் பாத்துக்கோ, தண்ணி குட்சிட்டு வந்துர்றேன்'ன்னாரு. நானும் பழக்கத்துல சொல்லிட்டேன்."

என்ன சொல்லியிருப்பான் என்று கேட்க வேண்டியதில்லை. அசெம்பிளி லைனில் ஒருவன் ஒண்ணுக்குப் போவதென்றாலும் பக்கத்து ஆள், 'நான் பாத்துக்கிடுதேன், நீ போ' என்று சொல்ல வேண்டும். சொன்னவன், போனவன் வரும்வரை இரண்டு வேலையையும் பார்ப்பான். நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் கேட்டாலும் வாய் அதைத்தான் சொல்லும்.

பேச்சிராஜ் அவன் கையைப் பிடித்து இழுத்தான். கை சில்லிட்டிருந்தது. ஆள் அசையவில்லை. வேரோடிய மரத்தை இழுத்தாற்போல் இருந்தது.

"நீ போயிருல," என்றான் இசக்கி. "எங்கிட்ட எதுவும் சொல்லிராத. போயிரு."

பேச்சிராஜ் சல்லியின்மேல் உட்கார்ந்து அழுதான். கோமதியம்மாளுக்கு இனி என்ன பதில் சொல்வது? அழுது ஓய்ந்ததும் ஒரு யோசனை வந்தது.

"நீ போய் அம்மைக்கு முகத்தக் காட்டிட்டு வந்து என்னை மாத்திவிடுவியால?"

இசக்கி அவனையே பார்த்தான். "எங்கம்ம மேல சத்தியமா வாரேம்ல."

சிநேகிதன். ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

"நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

இசக்கி எழுந்தான். மேட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனான். திரும்பியே பார்க்கவில்லை.

பேச்சிராஜ் வாசலில் உட்கார்ந்தான். வெயில் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றது. இருட்டவுமில்லை, பசிக்கவுமில்லை. ஒரு பீடி குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும் என்று தோன்றியது.

போன் அடித்தது.

"எய்யா பேச்சி, எம்புள்ள வந்துட்டான்யா!" கோமதியம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். "வந்து ஒரு மாசமாச்சு. அன்னையிலருந்து ஒனக்குப் போடுதேன், இப்பத்தான் கெடைக்கு. நல்லாத்தான் இருக்கான். ஆனா அங்கன இருந்ததே அவனுக்கு ஞாவகம் இல்லய்யா. ஒம்பேரச் சொன்னா, யாரும்மா அதுன்னு கேக்கான்."

பேச்சிராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அதுக்காக மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதய்யா. நீயே ஒரு எட்டு வந்து அவன்கூடப் பேசிப் பாரு. எப்ப வாரே?"

அவன் பாதையைப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒருவருமில்லை.

"ஆளு வந்ததும் வாரேன் சித்தி."

போன் அணைந்துபோயிற்று. தண்டவாளமில்லாத அந்த மேட்டில், குவாரிப் பக்கமிருந்து வண்டி கூவுவது கேட்டது.

பேச்சிராஜ் எழுந்து போய்க் கேட்டைச் சாத்தினான்.