முழுதும் படித்ததற்கான தடயம்

2114ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, செவ்வாய்க் கோளின் நெய்தலூர்க் குடியேற்றத்தில், பதினோராம் வகுப்பு மாணவர்கள் இருபத்துமூன்று பேர் பாலைத்திணை பற்றித் தங்கள் வலைப்பூக்களில் எழுதினார்கள். இருபத்திரண்டு பேருக்குக் காதுக்குப் பின்னால் பொருத்திய சொல்லூட்டி எழுதிக் கொடுத்தது. நிறைமதி மட்டும் அதை அணைத்துவிட்டுத் தானே எழுதினாள்.

தமிழாசிரியை செல்வராணிக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் வெயிலை வருணித்திருந்தார்கள். நிறைமதி, புயலுக்கு அப்பால் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட அம்மா போய் எத்தனை நாள் ஆயிற்று என்பதை, காற்றுவடிகட்டியில் படிந்த புழுதியின் கனத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தாள். சந்திப்பிழை இரண்டு.

வகுப்பின் விதி ஒன்றுதான். நண்பகலுக்குள் மனிதர் ஒருவராவது பின்னூட்டம் இட வேண்டும். இல்லையென்றால் அந்த மாணவர் எழுத்து வகுப்பிலிருந்து குழாய்ப் பராமரிப்புக்கு மாற்றப்படுவார். இயந்திரங்களும் பின்னூட்டம் இட்டுக் குவித்ததால், அவற்றைப் பிரித்து நீக்க ஆளறிவான் என்றொரு நிரல் இருந்தது. மற்றவர்களுக்கு மாமா, சித்தி என்று ஆள் இருந்தது. நிறைமதிக்கு அம்மா மட்டும்தான்.

ஆசிரியர் எழுதத் தடையில்லை; பின்னூட்டத்தில் எழுதியவர் பெயரும் வராது. செல்வராணி பதிவை இரண்டு முறை படித்துப் பதினான்கு வரி எழுதினார். மூன்றாம் பத்தியில் 'ஏங்கினேன்' என்ற சொல் வேண்டாம், அந்த வேலையைப் புழுதியே செய்துவிடுகிறது என்றும் அதில் இருந்தது.

சற்று நேரத்தில் ஆளறிவானின் தீர்ப்பு வந்தது. 'இயந்திரம். பதிவை முழுதும் படித்ததற்கான தடயம் உள்ளது.'

மணி பதினொன்று ஐம்பது. பக்கத்து மேசையில் கணித ஆசிரியர் பீர்முகமது எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இம்புட்டு எழுதுனா எது டீச்சர் உங்கள மனுஷின்னு நம்பும்?"

"படிச்சிட்டுத்தானே சார் எழுதுனேன்?"

"அதான் தப்பு. நூறு வருஷத்துக்கு முந்தி பூமியில ஜனங்க வலைப்பூவுல போட்ட பின்னூட்டத்த வச்சுத்தான் அதப் பழக்குனாங்க. அதெல்லாம் சத்தியமா மனுஷங்க எழுதுனது. போயி நாலு பாருங்க."

செல்வராணி ஆவணத்தில் நாற்பது பார்த்தார். பிறகு தட்டினார்: 'அருமை! தொடருங்கள். நேரம் கிடைத்தால் என் பக்கமும் வாருங்கள்.'

'மனிதர்' என்றது ஆளறிவான்.

பிற்பகலில் நிறைமதி வந்தாள்.

"பாஸாயிட்டேன் டீச்சர். யாரோ அருமைன்னு போட்டிருக்காங்க."

"நல்லது."

"படிச்ச மாதிரி தெரியல. காலையில ஒண்ணு வந்துச்சு டீச்சர், பெருசா. ஏங்கினேன்ங்கிறத எடுக்கச் சொல்லுச்சு. மறுபடி படிக்கலாம்னு பாத்தா, மெஷின்னு சொல்லித் தூக்கிட்டாங்க."

செல்வராணி வருகைப்பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, "போய் உட்காரு" என்றார்.

நிறைமதியின் அடுத்த பதிவு வெள்ளிக்கிழமை வந்தது. தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'அந்த இயந்திரத்துக்கு.'