தென்மேற்கு மூலை

தவராஜா குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பில் வெள்ளைத் தூசி வளையமாக ஒட்டியிருந்தது.

அவன் மனைவி வினோதா அதைத் துடைத்தாள். டென்மார்க்கின் பிராண்டேயில் வீட்டைத் திருத்த உடைக்கத் தொடங்கியதிலிருந்து சோற்றில் தூசி, தலையணையில் தூசி, மகள் துவாரகாவின் இமையில்கூடத் தூசி. குசினி வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் திரை காற்றே இல்லாமல் உப்பிச் சுருங்கி மறுபடி உப்ப, ஒரு சோற்றுப் பானையும் மூன்று மெத்தைகளுமாக அவர்கள் ஒரே அறைக்குள் கிடந்தார்கள். எல்லாம் எதற்கு? தவராஜாவின் கூட்டாளி நித்தியானந்தன் தன் குசினியைப் பெருப்பித்துவிட்டான் என்பதற்கு.

அது போதாதென்று வாஸ்து. டென்மார்க்கை வரைபடத்திலும் கண்டிராத ஒருவர் சென்னையிலிருந்து வீடியோவில் வந்து, தென்மேற்கு மூலையில் இருந்த சாமான் அறையை அடைத்துவிடச் சொன்னார். டெனிஷ் தச்சன் சிரித்துவிட்டு மாட்டேன் என்றான்.

"அப்ப நானே அடைப்பன். யூரியூப்பில எல்லாம் கிடக்கு," என்றான் தவராஜா.

"சுவாமிப் படம் கொழுவ ஒரு ஆணி ஒழுங்கா அடிச்சிருக்கிறியளா?"

அவன் மரச்சட்டம் அடிக்கச் சாமான் அறைக்குள்ளே போனான். அவள் வேலையால் திரும்பியபோது சுவர் மூடியிருந்தது. பொருத்துக் கோடுகூடத் தெரியாத சுவர். அதன் முன்னால் அவன் வெறுங்காலோடு நின்றான்.

"வினோதா, வந்திட்டீரோ?"

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏதும் வேண்டுமென்றால் மோதிரத்தால் மேசையில் தட்டுவான். டக், டக். தேத்தண்ணி. டக், டக். ரிமோட். அந்தச் சத்தத்துக்கு எழும்பி எழும்பியே அவள் முழங்கால் தேய்ந்திருந்தது. இப்போது தட்டல் இல்லை. அதட்டல் இல்லை. தூசிக்கு ஒரு நன்மையாவது உண்டு என்று நினைத்தாள்.

ஆனால் படுக்கையில் அவன் பக்கம், சுவர் பூசும் ஈரக் கிப்ஸ் மணத்தது. எவ்வளவு கூட்டினாலும், குளித்துவிட்டு அவன் நடந்த இடமெல்லாம் வெள்ளைப் பாதங்கள்.

பிறகு, மூன்று மணிக்கே மங்கத் தொடங்கிய ஒரு பின்னேரம், அவளுக்கு அது கேட்டது.

டக், டக்.

குழாய், என்று சொல்லிக்கொண்டாள்.

டக், டக்.

"துவாரகா, உனக்குக் கேக்குதோ?"

பிள்ளை காதில் கொழுவியதைக் கழற்றாமலே டெனிஷில் என்னவோ முணுமுணுத்தது.

வினோதா சுவரில் காதை வைத்தாள். குளிர். உள்ளே மூச்சு. மூக்கடைத்த, சீறுகிற, அவளை வருடக்கணக்காக நித்திரை கொள்ளவிடாத அதே மூச்சு.

"இஞ்சேருங்கோ?" என்றாள்.

தட்டல் நின்றது. பிறகு வெறிபிடித்ததுபோல் தொடங்கியது.

"என்ன வேணும், வினோதா?" பின்னால் அவன் நின்றான். அன்பாக. சுத்தியலையும் தச்சு ஆயுதப் பெட்டியையும் அன்றே காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

அதன்பின் அவளை அவன் தனியே விடவில்லை. தட்டல் மெலிந்துகொண்டு வந்தது.

திருத்திய வீட்டின் குடிபூரலுக்கு ஊர்ச்சனம் முழுக்க வந்தது. பால் பொங்கியது. சனம் படமெடுத்தது.

"என்ன மாதிரிச் சுவர்!" நித்தியானந்தனின் வாய் மூடவில்லை. "அண்ணை, ஒரு தழும்பில்லை!"

"மனுசன் குணத்திலயும் திருந்திட்டார் போல," என்றாள் மாக்கிரட் அக்கா. "குடுத்து வைச்சனீ."

டக்.

ஒன்றுதான்.

வினோதாவுக்குள் ஏதோ அறுந்தது. கேக் வெட்டும் கத்தியை எடுத்தாள். சுவரில் குத்தினாள். "உள்ளுக்க இருக்கிறார்! என்ர மனுசன் உள்ளுக்க இருக்கிறார்!" குத்தினாள். கிப்ஸ் உதிர்ந்தது. காசளவு ஓட்டை. கறுப்பு.

அதிலிருந்து ஒரு விரல் வந்தது.

நகம் இல்லை. மோதிரம் இருந்தது. அவள் உள்ளங்கையைத் தேடித் தொட்டது.

"பாவம், வீட்டு வேலை, களைச்சுப்போனா," சனத்தைப் பார்த்துச் சொன்னான் அவன். அவள் தோளை மெதுவாக விலக்கினான். கையில் பசைக் கரண்டி.

சனத்துக்கு முதுகு காட்டி நின்று, விரலின் மேலேயே பூசினான். ஒரு தரம். இன்னொரு தரம். வழுவழுவென்று.

யாரோ கைதட்டினார்கள்.

ஈரப் பசையின் அடியில், நடுவில், ஒரு சின்னப் புடைப்பு அசைந்துகொண்டிருந்தது.