திரும்ப மறுத்த பலகை

"எனக்க போர்ட திருடிட்டாவ, சார்" என்றாள் அபினா. அந்த போர்டு அவள் வந்த ஆட்டோவின் மேல் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

யேசுரத்தினம் போர்டைப் பார்த்தார். பிறகு தட்டில் ஆறிக்கொண்டிருந்த ஆப்பத்தைப் பார்த்தார். முப்பது வருடம் மீன்பிடிப் படகுகளுக்கு இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, மூழ்காத படகுகள் மூழ்கிய கதைகளைப் பொறுமையாகக் கேட்டவர். ஓய்வு பெற்று இரணியலில் உட்கார்ந்த பிறகும் ஜனங்கள் விடுவதாக இல்லை.

"அப்ப ஆட்டோ மேல இருக்கது?"

"அது எனக்க போர்டு மாதிரி இருக்கு. ஆனா எனக்கதில்ல."

நின்றபடியே துடுப்புப் போட்டு, எழும்பி வரும் அலையில் ஏறிச் சறுக்குகிற விளையாட்டுக்கான பலகை அது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மாவட்ட அணிக்கான தேர்வு. பெண்களுக்கு ஒரே ஓர் இடம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அபினா எல்லா அலையிலும் விழுந்துகொண்டிருந்தாள்.

"ஜாஸ்மிதான் மாத்திட்டா. அவளும் இதே அளவு போர்டுதான் வச்சிருக்கா. அந்த எடத்துக்கு அவளும் நானும்தான் போட்டி."

"அலையில்லாத தண்ணில எப்படிப் போவுது?"

"நேரா, நல்லா போவுது. அலையில சாய்ச்சுத் திருப்பினாத்தான் வால் பக்கம் வழுக்கி என்னத் தூக்கி எறியுது."

அதற்குள் பொன்னுலிங்கம் ஆட்டோவைச் சுற்றி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். யேசுரத்தினத்தின் உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். உலகில் உள்ள அனைவரும் டிக்கெட் எடுக்காதவர்கள் என்பது அவருடைய துப்பறியும் கொள்கை. போர்டின் வால் விளிம்பைத் தடவி, "அருமையான சாமான் வோய், குழந்தைக்க கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு" என்றார்.

"கைய எடும்."

போர்டின் அடியில், மீன் துடுப்பு போன்ற மூன்று ஃபின்களும் இருந்தன. திருகுகளில் படிந்திருந்த துரு கலையவில்லை. மூக்குப் பக்கம் 'அபினா' என்று கிறுக்கியிருந்தது. போன வருடம் பாறையில் இடித்த காயமும் அப்படியே இருந்தது.

"இது உனக்க போர்டுதான்."

"இல்ல சார்."

"உனக்க பேரு எழுதியிருக்கே."

"அவளே எழுதியிருப்பா."

யேசுரத்தினம் ஆப்பத்தைக் கைவிட்டார்.

முட்டத்துக்குப் பக்கத்தில் அபினாவின் வீடு. போர்டு நிற்கிற இடம் வீட்டின் பக்கவாட்டுத் தகரக் கூரையடி. அதற்கு மேலேயே ஒரு கழியில் வலை தொங்கியது. வலையின் ஓரிடத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் புது பச்சை நூலால் தைத்திருந்தது.

அபினாவின் அப்பா ஏசுஅடிமை நிமிரவில்லை. "வலை தைக்கதே வேலயாப் போச்சு சார். போர்ட யாரும் திருடல்ல. ராவும் பகலும் இங்கதான் கெடக்கு."

"இவருகிட்ட டிக்கெட் இருக்கு" என்றார் பொன்னுலிங்கம். "ஜாஸ்மியப் பிடிப்போம்."

பிடிக்கத் தேவையிருக்கவில்லை. சேதி கேட்டு, ஜாஸ்மி தன் போர்டைத் தலையில் சுமந்து அவளே வந்தாள். பின்னால் பயிற்சியாளர் சுஜின்.

"ஏட்டி, நான் கள்ளியா? இந்தா பாரு. இதுல எங்கயாவது உனக்கது இருக்கா?"

பொன்னுலிங்கம் சமாதானம் செய்ய நடுவில் புகுந்தார். ஜாஸ்மியின் போர்டின் வாலில் அவர் வேட்டி மாட்டி, நாலு நூல் இழுபட்டது. "மட்டமான சாமான்" என்றார்.

யேசுரத்தினம் நின்றார். முதல் முறையாக அவர் முகத்தில் எரிச்சல் குறைந்தது.

"ஏசுஅடிமை, ஒரு துண்டு பழைய வலை தாரும்."

ஜாஸ்மியின் போர்டின் வால் மேல் வலையைப் போட்டு இழுத்தார். மாட்டியது. அபினாவின் போர்டு மேல் இழுத்தார். வெண்ணெயில் போவதுபோல வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே ஆள் செஞ்ச போர்டு. முன்பக்க விளிம்பு ரெண்டுலயும் உருண்டைதான். வால் பக்கம் மட்டும் கூரா இருக்கணும். அடியில ஓடுற தண்ணி அந்தக் கூர்ல பட்டுன்னு விட்டுப் போவும். அப்பத்தான் சாயும்போது வால் அலையப் பிடிச்சு நிக்கும். உருட்டிட்டா தண்ணி விளிம்பச் சுத்தி மேல ஏறும். பிடி போயிரும். நேரா போனா தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும். போர்ட மாத்தல்ல. வாலை மாத்தியிருக்கு."

"ஜாஸ்மி!" என்றார் பொன்னுலிங்கம்.

"சும்மா இரும் வோய். ஜாஸ்மிக்கு விளிம்பால நட்டமில்ல. கிழிஞ்ச வலை யாருக்க வலை?"

எல்லோரும் பச்சை நூலைப் பார்த்தார்கள்.

"அப்பா, நீங்களா மாத்தினீங்க?"

"மாத்தல்ல" என்றார் ஏசுஅடிமை, மிகுந்த கௌரவத்தோடு. "சரியாக்குனேன். வால் பிளேடு மாதிரி இருந்து. வலை கிழிஞ்சு போச்சு. நல்ல ஃபைபர் படகுல அப்படி விளிம்பு வைப்பானா? திங்கக்கிழம உப்புத்தாள் போட்டு உருட்டி விட்டேன். பலகை செஞ்சவனுக்கு வேலை தெரியல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"யாரு கேட்டா? எல்லாரும் திருட்டத்தானே கேட்டிய."

யேசுரத்தினம் கண்களை மூடித் திறந்தார். முப்பது வருட சர்வீஸில் கேட்டவற்றில் இதுதான் மறுக்க முடியாத பதில்.

"எபோக்ஸிப் பசை இருக்கா?" என்றார் சுஜின். "டேப்பால வரம்பு கட்டி, ஊத்தி, இறுகினதும் கூரா தேச்சு எடுக்கலாம். ஆனா கூர் எவ்வளவு வேணும்னு அளவுக்கு இதே போர்டு ஒண்ணு பக்கத்துல இருக்கணும்."

எல்லோரும் ஜாஸ்மியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"மன்னிப்புக் கேக்கியாட்டி, இல்ல நான் போவட்டா?" என்றாள் ஜாஸ்மி.

"தெரியாம சொல்லிட்டேன் ஜாஸ்மி. மன்னிச்சிரு."

ஜாஸ்மி போர்டை இறக்கி வைத்தாள். "நாளைக்கு வழுக்குற போர்டுல உன்னத் தோக்கடிச்சா எவன் மதிப்பான்? அளந்துக்கோ."

காலை ஏழு மணி. ஜாஸ்மி மூன்று அலைகளில் அழகாகத் திரும்பிக் காட்டினாள். அபினா முதல் அலையில் பயந்து நேராகவே வந்தாள். இரண்டாவதில் சாய்ந்தாள். வால் அலையைக் கவ்வியது. பலகை நுரையை வெட்டி மேலேறித் திரும்பிக் கீழே பாய்ந்தது. அடுத்த அலையிலும் அப்படியே. சுஜின் பட்டியலை வாசித்தபோது அரை மதிப்பெண் வித்தியாசத்தில் அபினாவின் பெயர் வந்தது. ஜாஸ்மி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வாழ்த்துக்குச் சற்றுக் கனமான அடி.

அபினா நனைந்த முடியோடு ஓடிவந்து அப்பாவின் முன் நின்றாள். ஏசுஅடிமை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டாவது அலைய எடுத்திருக்கப்பிடாது மக்கா. அதுக்குப் பொறத்த வந்ததுதான் நல்ல அலை."